மைக்கில் குரல் சன்னமாகப் பதிகிறதா? வீட்டில் ஒலிப்பதிவு செய்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் அடுக்குமாடி வீட்டின் பின்னறைதான் என் ஸ்டூடியோ. தேவாரம், தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளின் கதை சொல்லும் போட்டி, கல்யாண வீடியோவுக்குக் குரல் என்று வந்ததையெல்லாம் அங்கே பதிவு செய்கிறேன். 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து எல்லாரும் வீட்டுக்குள் முடங்கியபோது, தெரிந்தவர்களில் பாதிப் பேர் மைக் வாங்கினார்கள். அன்றிலிருந்து என் வாட்ஸ்அப்பில் வரும் கேள்விகளில் முக்கால்வாசி ஒரே கேள்விதான்: "அக்கா, சத்தம் ரொம்பக் கம்மியா பதியுது." ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் குரல்செய்தி அனுப்பி எனக்கே தொண்டை கட்டிவிட்டது. அதனால் எழுதி வைத்துவிட்டேன்.

"மைக் நல்ல மைக்தான். ஆனா கிணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி கேக்குது. எங்கேயிருந்து பார்க்க ஆரம்பிக்கிறது?"

நகத்திலிருந்து. பதிவு பட்டனை அழுத்திவிட்டு, மைக்கின் கம்பி வலையை விரல் நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். திரும்பக் கேட்கும்போது காதுக்குள்ளேயே சுரண்டுவதுபோல் கரகரவென்று இருந்தால், கணினி அந்த மைக்கைத்தான் கேட்கிறது. எங்கேயோ பக்கத்து வீட்டில் சுரண்டுவதுபோல் இருந்தால், பதிந்தது மடிக்கணினிக்குள் இருக்கும் பொட்டு மைக். நீங்கள் காசு கொடுத்து வாங்கிய மைக் சும்மா அலங்காரத்துக்கு நிற்கிறது.

சிரிக்காதீர்கள், நானே மாட்டியிருக்கிறேன். என் மாமியார் பாடிய பதினொரு பக்திப் பாடல்களை இரண்டு வாரமாகப் பதிவு செய்தேன். குரல் தூரத்தில், மங்கலாக. அறைதான் சரியில்லை என்று கட்டில் மெத்தையைச் சுவரில் சாய்த்தேன், ஜன்னலுக்குப் போர்வை கட்டினேன். ஒருநாள் ஹெட்போனில் உன்னிப்பாகக் கேட்டபோதுதான் உறைத்தது: மாமியார் குரலைவிட மடிக்கணினியின் விசிறிச் சத்தம் தெளிவாக இருந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த மைக்குக்கு விசிறிச் சத்தம் அவ்வளவு நெருக்கமாகக் கேட்க வழியே இல்லை. பதினொன்றையும் மறுபடி பாடினார். அந்தக் கதையை இன்றும் சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

யூஎஸ்பியைக் கழற்றி மாட்டினாலும், விண்டோஸ் அப்டேட் ஓடினாலும் எந்த மைக்கில் பதிவது என்ற தேர்வு தானாக மாறிவிடக்கூடும். விண்டோஸ் செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் சவுண்ட், அங்கே இன்புட் என்ற இடத்தில் உங்கள் மைக்கின் பெயர் இருக்கிறதா பாருங்கள். பதிவு செய்யும் மென்பொருளுக்குள்ளேயும் தனியாக ஒரு தேர்வு இருக்கும். இரண்டையும் பார்க்க வேண்டும்.

"கெய்ன் திருகைத் திருப்பினா போதாதா? எதுக்கு மைக் கிட்ட போகணும்?"

ஏனென்றால் கெய்ன், அதாவது மைக்கிலிருந்து வருவதைப் பெருக்கும் அளவு, எல்லாவற்றையும் தூக்கும். உங்கள் குரல், மேலே சுற்றும் விசிறி, கீழே போகும் மோட்டார் சைக்கிள், பக்கத்து வீட்டு டிவி எல்லாமே சேர்ந்து ஏறும். கிட்டே போனால் குரல் மட்டும் ஏறும், மற்றதெல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும்.

கணக்கு இதுதான். வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் குரல் ஏறக்குறைய 6 டெசிபெல் (சத்தத்தை அளக்கும் அலகு) கூடும். 40 செண்டிமீட்டரில் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். 20-க்கு வந்தால் 6, 10-க்கு வந்தால் 12 டெசிபெல். மைக்கிலிருந்து வரும் மின்னழுத்தம் நான்கு மடங்காகிவிட்டது. ஒரு காசு செலவில்லை.

கட்டை விரலையும் சுண்டு விரலையும் விரித்தால் ஒரு சாண். பேச்சுக்கு அரைச் சாண், பாட்டுக்கு அரையிலிருந்து ஒரு சாண். ரொம்ப ஒட்டினால் 'ப', 'ம்ப' வரும்போது பொத்பொத்தென்று காற்று அடிக்கும், அடித்தொண்டைக் கனமும் கூடிவிடும். மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் உதட்டோரம் கொஞ்சம் சாய்த்து வைத்தால் காற்று தப்பிவிடும்.

மடிக்கணினி மேசையில், அதன் பின்னால் மைக் ஸ்டாண்டு, நாற்காலியில் முதுகைச் சாய்த்தபடி பேச்சு. எனக்கு வரும் படங்களில் அதிகம் பார்க்கும் காட்சி இது. அங்கே தூரம் முக்கால் மீட்டர். எந்த மைக்காலும் அதைச் சரிசெய்ய முடியாது.

"மைக்குக்கு முன்பக்கம் பின்பக்கம்னு இருக்கா?"

இருக்கிறது, நிறையப் பேர் தவறவிடுவது இதைத்தான். மேடையில் பிடித்துப் பாடும் ஷூர் எஸ்எம்58 போன்றவற்றில் உச்சந்தலையைப் பார்த்துப் பாட வேண்டும். புளூ யெட்டி, ஆடியோ டெக்னிகா ஏடி2020 போன்றவை நின்ற வாக்கில் இருந்து பக்கவாட்டில் கேட்பவை. அவற்றின் தலையைப் பார்த்து ஐஸ்கிரீம்போல் வாயை வைத்தால் குரல் சன்னமாகத்தான் வரும். சந்தேகம் இருந்தால் பேசிக்கொண்டே மைக்கை மெல்ல ஒரு சுற்றுச் சுற்றுங்கள். மென்பொருளில் சத்த அளவைக் காட்டும் மீட்டர் எங்கே ஏறுகிறதோ அதுதான் முகம்.

"மீட்டர் எவ்வளவு காட்டணும்? அலை எறும்பு வரிசை மாதிரி தெரியுதே."

பாடும்போது வரும் உச்சி மைனஸ் 12-இலிருந்து மைனஸ் 6 டெசிபெல் வரை, சாதாரணமாக ஓடும் அளவு மைனஸ் 18 பக்கம். அது போதும். பூஜ்யத்தைத் தொட்டால் குரல் உடைந்துவிடும், அதை எந்தக் கொம்பனாலும் ஒட்ட வைக்க முடியாது.

24 பிட்டில் பதிகிறீர்கள் என்றால் கொஞ்சம் தாழ்வாக இருப்பது குற்றமே இல்லை. காகிதக் கணக்கில், மிக மெல்லிய சத்தத்துக்கும் உச்சிக்கும் நடுவே 16 பிட்டுக்கு 96 டெசிபெல் இடம், 24 பிட்டுக்கு 144. எறும்பு வரிசையைப் பிறகு தூக்கிக்கொள்ளலாம்.

கேட்பவர்கள் பெரும்பாலும் தங்கள் பதிவைப் பக்கத்தில் ஓடும் சினிமாப் பாட்டோடு ஒப்பிடுகிறார்கள். அந்தப் பாட்டு அழுத்தி, சமன்செய்து, உச்சிவரை தூக்கி முடித்த பண்டம். உங்களுடையது இப்போதுதான் மைக்கிலிருந்து வந்தது. அரைத்த மாவைத் தோசையோடு ஒப்பிட்டு, ஏன் மொறுமொறுப்பாக இல்லை என்று கேட்பது நியாயமா?

"தூரம் சரி, தேர்வு சரி, திருகைக் கடைசிவரை திருப்பியாச்சு. அப்பவும் சன்னமாத்தான் வருது."

இப்போது கேபிளைப் பாருங்கள். இன்டர்பேஸின் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டியின்) முன்பக்கத் துளை பெரும்பாலும் இரட்டை வேலை செய்யும்: மூன்று ஊசி எக்ஸ்எல்ஆரும் போகும், நடுவில் கிட்டார் பிளக்கும் போகும். வெளியிலிருந்து பார்க்க ஒரே துளை, உள்ளே இரண்டு பாதை. எக்ஸ்எல்ஆர் மாட்டினால் மைக் பெருக்கிக்குப் போகிறது. கிட்டார் பிளக் மாட்டினால் லைன் பாதைக்கோ கிட்டார் பாதைக்கோ போகிறது, அங்கே மைக்கின் மெல்லிய மின்னழுத்தத்தைத் தூக்க ஆள் இல்லை. கராவோக்கே மைக்கோடு வரும் கேபிளில் மறுமுனை கிட்டார் பிளக்காக இருப்பது வழக்கம். இரு முனையும் எக்ஸ்எல்ஆர் உள்ள கேபிள் ஒன்று வாங்குங்கள், மைக் அன்றைக்கே குரலெடுத்துப் பேசும்.

"இன்டர்பேஸ் இல்ல. எக்ஸ்எல்ஆர்ல இருந்து சின்ன ஹெட்போன் பிளக்குக்கு மாத்துற கேபிள் வாங்கி லேப்டாப்ல குத்தினேன். ஹெட்போன்ல ஏதோ கேக்குது, போன்ல போட்டா ஒண்ணுமே இல்ல. பேய் பிடிச்சிருக்கா?"

பினாங்கில் இருக்கும் என் தம்பி முறைக்காரப் பையனின் கேள்வி இது. எனக்குப் பிடித்த கேள்வியும் இதுதான், ஏனென்றால் பேய்க்கதைபோலவே இருக்கிறது.

எக்ஸ்எல்ஆரின் மூன்று ஊசிகளில் முதல் ஊசி நிலம். இரண்டாம் ஊசியிலும் மூன்றாம் ஊசியிலும் போவது ஒரே குரல், ஆனால் ஒன்றுக்கொன்று தலைகீழாக. ஒன்று மேலே போகும்போது மற்றது கீழே. வழியில் சேரும் இரைச்சலோ இரண்டிலும் ஒரே மாதிரி சேரும். மைக் பெருக்கி ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்கும்: இரைச்சல் அடிபட்டுப் போகும், தலைகீழாக வந்த குரல் இரட்டிப்பாகும். அழகான ஏற்பாடு.

சில மலிவுக் கேபிள்கள் இரண்டாம் ஊசியை இடது பக்கத்துக்கும் மூன்றாம் ஊசியை வலது பக்கத்துக்கும் கொடுத்துவிடுகின்றன. மடிக்கணினி அதை ஸ்டீரியோ என்று நினைத்துப் பதிகிறது. ஹெட்போனில் இடக்காதில் ஒரு குரல், வலக்காதில் அதன் தலைகீழ். தலைக்கு வெளியே மிதப்பதுபோல் ஒரு மாதிரியாக இருக்கும், ஆனால் கேட்கும். ஒற்றை ஒலிபெருக்கி உள்ள கைத்தொலைபேசி இரண்டையும் கூட்டும். கூட்டினால் பூஜ்யம். அவ்வளவுதான் பேய்.

ஏற்கெனவே பதிந்ததைக் காப்பாற்ற முடியும்: ஸ்டீரியோவைப் பிரித்து, ஒரு பக்கத்தை நீக்கிவிட்டு மற்றதை மோனோவாக வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அடுத்த பதிவுக்கு ஒரு சின்ன இன்டர்பேஸ் வாங்குவதுதான் மரியாதை. பையன் புதுக் கேபிள் தேடி ஜார்ஜ்டவுன் முழுக்க அலைந்த பெட்ரோல் காசையும் நேரத்தையும் கூட்டினால், பழைய இன்டர்பேஸ் ஒன்றுக்குப் பாதி வந்திருக்கும்.

"இன்டர்பேஸ்ல இருக்கிற 48 வோல்ட் பட்டன் எதுக்கு? தொட்டா மைக் போயிடுமா?"

ஏடி2020 போன்ற கண்டென்சர் மைக்குக்கு அது சோறு. கேபிள் வழியாகவே 48 வோல்ட் போய் உள்ளே இருக்கும் மின்சுற்றை ஓட்டுகிறது. அது இல்லாவிட்டால் கண்டென்சர் ஊமை, அல்லது முனகும். இணையக் கடைகளில் மலிவாக வரும் பிஎம்-800 வகைக் கண்டென்சர்களைக் கணினியின் சின்னத் துளையில் நேராகக் குத்தினால் கிடைப்பது சில வோல்ட்தான். பேசும், ஆனால் பட்டினி கிடந்தவன் பேசுவதுபோல்.

எஸ்எம்58 போன்ற டைனமிக் மைக்குக்கு 48 வோல்ட் தேவையில்லை. சரியான எக்ஸ்எல்ஆர் கேபிளில் தவறிப் போட்டாலும் ஒன்றும் ஆகாது. உள்ளே மெல்லிய உலோக நாடா இருக்கும் பழைய ரிப்பன் மைக் வைத்திருந்தால் மட்டும் கை வைக்காதீர்கள். கேபிளை மாட்டிய பிறகு பட்டனை அழுத்துங்கள், ஸ்பீக்கர் சத்தத்தை முதலில் குறைத்துவிட்டு.

"பாட்காஸ்ட்காரங்க எல்லாரும் வெச்சிருக்கிற அந்தக் கறுப்பு மைக்கை வாங்கினேன். ஆயிரத்துச் சொச்சம் வெள்ளி (ரிங்கிட்)! அதுதான் எல்லாத்தையும் விடச் சன்னமா இருக்கு."

ஷூர் எஸ்எம்7பி. அது கோளாறு இல்லை, அதன் சுபாவம். ஒரே அளவு சத்தத்துக்கு எஸ்எம்7பி தருவது 1.12 மில்லிவோல்ட், எஸ்எம்58 தருவது 1.85, ஏடி2020 கண்டென்சர் தருவது 14.1. கண்டென்சரோடு ஒப்பிட்டால் 22 டெசிபெல் தாழ்வு. குறைந்தது 60 டெசிபெல் கெய்ன் வேண்டும் என்று ஷூர் நிறுவனமே சொல்கிறது.

உங்கள் இன்டர்பேஸ் எவ்வளவு தருகிறது என்று பெட்டியைப் பாருங்கள். ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2-இன் மூன்றாம் தலைமுறை 56 டெசிபெல், நான்காம் தலைமுறை 69. முதலாவதில் திருகு முட்டி நிற்கும், இரண்டாவதில் மிச்சம் இருக்கும். மிச்சம் இல்லாதவர்கள் மைக்குக்கும் இன்டர்பேஸுக்கும் நடுவில் கிளவுட்லிஃப்டர் போன்ற குட்டிப் பெருக்கியைச் சேர்க்கிறார்கள். அது 25 டெசிபெல் வரை தரும், அதற்கு 48 வோல்ட் போட வேண்டும். கண்டென்சருக்கு அதை மாட்டாதீர்கள், 48 வோல்ட்டை அது மைக்குக்கு விடாது.

என் கருத்தைக் கேட்டால், வீட்டில் மெதுவாகப் பேசுபவருக்கு அந்த மைக் தேவையே இல்லை. மைக்குக்குக் கொடுத்த ஆயிரத்தில் பாதியை அறைக்கும் கேபிளுக்கும் போட்டிருந்தால் பதிவு இன்னும் நன்றாக வந்திருக்கும்.

"போன வாரம் வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. யாரும் எதையும் தொடல."

யாரோ தொட்டிருக்கிறார்கள். மைக்கின் கழுத்திலோ இன்டர்பேஸிலோ 'பேட்' என்று ஒரு சின்ன சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். பெரிய சத்தத்தை 10 அல்லது 20 டெசிபெல் தட்டி உட்கார வைப்பதற்கானது. தைப்பூசத்துக்கு முன்னால் உறுமி மேளக் குழுப் பையன்கள் ஒத்திகையைப் பதிவு செய்ய என் மைக்கை இரவல் வாங்கிப் போனார்கள். உறுமிக்கு முன்னால் பேட் போட்டே ஆக வேண்டும், அதில் தப்பில்லை. மைக் திரும்பி வந்து மறுநாள் ஏழு வயதுப் பெண் தேவாரம் பாட வந்தாள். மீட்டர் அசையவே இல்லை. குழந்தையைப் பார்த்து "இன்னும் சத்தமாப் பாடும்மா" என்று மூன்று முறை சொல்லிவிட்டேன். பாவம், சுவிட்ச் தெரியாமல் அதன் உயிரை வாங்கினேன்.

"ஸூம்ல பாட்டு கிளாஸ் எடுக்கிறேன். என் குரல் கேக்குது, தம்புரா மட்டும் கரைஞ்சு போகுதுன்னு பிள்ளைங்க சொல்றாங்க."

மைக்கில் குறையில்லை டீச்சர். ஸூம் தம்புராவை இரைச்சல் என்று நினைக்கிறது. மாறாமல் தொடர்ந்து ஒலிப்பதெல்லாம் அதற்கு ஏர்கான் சத்தம். தம்புராவின் வேலையே மாறாமல் ஒலிப்பதுதானே! முதல் இரண்டு விநாடி கேட்கும், பிறகு மெல்ல அமுங்கிவிடும். நீண்ட கார்வையும் இப்படித்தான் நடுவில் தேய்ந்து போகும்.

ஸூம் ஆடியோ அமைப்பில் இசைக்கலைஞர்களுக்கான ஒரிஜினல் சவுண்ட் என்று ஒன்று இருக்கிறது. அதைப் போட்டுவிட்டு, வகுப்பு தொடங்கியதும் திரையில் அது ஓடுகிறதா என்று பாருங்கள். மைக் அளவைத் தானாகச் சரிசெய்யும் தேர்வையும் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் மேல் ஸ்தாயிக்குப் போகும்போதெல்லாம் அது கீழே இழுக்கும். அப்புறம், பிள்ளைகளுக்கு எதிரொலி வராமல் இருக்க நீங்கள் ஹெட்போன் போட்டே ஆக வேண்டும்.

"சட்டையில குத்துற மைக்கை போன்ல போட்டேன். வித்தியாசமே தெரியல."

பிளக்கில் எத்தனை கறுப்புக் கோடு? இரண்டு என்றால் அது கேமராவுக்கான மைக், மூன்று என்றால் கைத்தொலைபேசிக்கானது. இரண்டு கோடு பிளக்கைத் தொலைபேசியில் போட்டால், தொலைபேசி அதை மைக்காகவே மதிக்காமல் தன் சொந்த மைக்கில் பதியும். நகப் பரிசோதனை செய்து பாருங்கள். இரண்டு கோட்டை மூன்றாக்கும் மாற்றி கோலாலம்பூரின் கணினிக் கடைகள் நிறைந்த லோயாட் பிளாசாவில் மாடிக்கு மாடி தொங்குகிறது.

"கெய்னை ஏத்தினா 'ம்ம்ம்'னு ஒரு சத்தம் வருது."

மடிக்கணினியின் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். சத்தம் நின்றால் குற்றவாளி மின்சாரப் பக்கம். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதன் முனகல்தான் அது. எல்லாவற்றையும் ஒரே நீட்டிப்புப் பலகையில் மாட்டுங்கள், மைக் கேபிளை மின்கம்பியோடு சேர்த்துச் சுருட்டாதீர்கள். நில ஊசியை உடைத்தால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அது உயிர் விஷயம்.

புஸ்ஸென்று காற்றுப்போல் இரைந்தால் அது வேறு: பெருக்கி மூச்சு முட்டுகிறது. மறுபடி அந்த அரைச் சாணுக்கு வாருங்கள்.

"மழைக்காலத்துல மைக் பொரியுது, சத்தமும் ஏறி இறங்குது. செத்துப் போச்சா?"

இந்த ஊர்க் காற்று ஈரம். கண்டென்சரின் உள்ளே இருக்கும் மெல்லிய தகடு அந்த ஈரத்தைக் கண்டால் கோபித்துக்கொள்ளும். பொரிவதும் அளவு தேய்வதும் அதனால்தான். ஏர்கான் அறையிலிருந்து வெக்கையான ஹாலுக்குத் தூக்கிக்கொண்டு போனால் கண்ணாடிமேல் பனி படிவதுபோல் மைக்கிலும் படியும். கேமராக்காரர்கள் வைத்திருக்கும் ஈரம் உறிஞ்சும் பெட்டியில் ஒரு நாள் வையுங்கள், பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். பெட்டி இல்லையென்றால் இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவும் சிலிக்கா பொட்டலமும் போதும், ஆனால் பொட்டலத்தை அவ்வப்போது மாற்ற வேண்டும். அரிசிக்குள் புதைக்காதீர்கள். வலைக்குள் போன தவிட்டை எடுக்க ஒரு மாலை முழுக்க உட்கார்ந்திருக்கிறேன்.

டைனமிக் மைக்குக்கு இந்தச் செல்லமெல்லாம் கிடையாது.

"பதிவு நல்லா இருக்கு. பாடும்போது என் காதுலதான் என் குரல் கேக்கல."

அது மைக் பிரச்சினையே இல்லை. இன்டர்பேஸில் ஹெட்போன் திருகு தனி, கெய்ன் திருகு தனி. நேரடியாகக் கேட்கும் டைரக்ட் மானிட்டர் பட்டனையும் பாருங்கள். மின்தடை அதிகமான 250 ஓம் ஹெட்போன் வைத்திருந்தால் சின்ன இன்டர்பேஸ் அதைத் தள்ள முடியாமல் திணறும். காதில் கேட்கவில்லை என்று கெய்னை ஏற்றுபவர்களின் பதிவுதான் உடைந்து போகிறது.

"எல்லாம் பார்த்தாச்சு அக்கா. உங்களுக்கு என்ன அனுப்பணும்?"

ஒரே ஒரு கோப்பு, வேவ் (WAV) வடிவத்தில். வாட்ஸ்அப் குரல்செய்தியாக அனுப்பாதீர்கள், அது தன் இஷ்டத்துக்கு அமுக்கிவிடும். ஐந்து விநாடி வாயைத் திறக்காமல் இருங்கள், விசிறி ஓடினால் ஓடட்டும். பிறகு சாதாரணக் குரலில் ஒன்று முதல் பத்து வரை எண்ணுங்கள். கடைசியில் நகத்தால் ஒரு சுரண்டு. எடிட் செய்யாமல் அப்படியே அனுப்புங்கள்.

கூடவே இரண்டு படம்: கேபிளின் இரு முனையும் தெரிகிற மாதிரி ஒன்று, நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்கார்ந்து, மைக்கும் முகமும் சேர்ந்து தெரிகிற மாதிரி ஒன்று. படத்துக்காக முன்னால் குனியாதீர்கள்.